கீழ ஒரு கலர், மேல ஒரு கலர்: நம்ம கிச்சனுக்கு எந்த ஜோடி ஒத்துவரும்?

புது ஃப்ளாட் சாவி வாங்கினவங்க, பழைய வீட்ட புதுசு பண்றவங்க எல்லாரும் இப்ப கேக்கற கேள்வி இதுதான், கிச்சன் கப்போர்டுக்கு ரெண்டு கலர் போடலாம்னு இருக்கோம், என்ன ஜோடி போடறது. கேக்கும்போதே போன்ல சேத்து வச்சிருக்கற போட்டோவ வரிசையா காட்டுவாங்க, பாத்தா முக்காவாசி வெளிநாட்டு கிச்சனா இருக்கும், பெரிய ஜன்னல், வெள்ளை மேடை, மரத்தரை, லாஃப்ட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அந்த போட்டோல இருக்கறது நெசமாவே ரெண்டு கலர்தான். அதே ரெண்ட நம்ம வீட்டுக்கு கொண்டுவந்தா கருப்பு கிரானைட், செவுத்து டைல்ஸ், தரை டைல்ஸ், லாஃப்ட், ஃப்ரிட்ஜ், சிம்னின்னு எல்லாம் சேந்து ஆறேழு கலர் ஆயிடும். அதனால எந்த ஜோடி அழகுன்னு தனியா கேட்டா பதில் கிடைக்காது. ஏற்கனவே இருக்கற கல்லோட எது சேரும், நம்ம சமையல எது தாங்கும், ரெண்டு கலரும் எந்த எடத்துல பிரியணும், இந்த மூணையும் சேத்து பாக்கணும். அப்படித்தான் ஒவ்வொரு ஜோடியா எடுத்து சொல்லப்போறேன், எனக்கு எது பிடிச்சிருக்கு, எது வேண்டாம்னு தோணுதுங்கறதையும் சேத்தே சொல்லிடறேன்.

மொதல்ல மேடைக்கல்ல பாருங்க

ஷட்டர், அதாவது கப்போர்டு கதவோட கலர பிற்காலத்துல மாத்திக்கலாம், ஷட்டர மட்டும் புதுசா செஞ்சு மாட்டறவங்க நெறைய பேர் இருக்காங்க. மேடைக்கல்ல யாரும் லேசுல பேக்க மாட்டாங்க, சிங்க், பைப், செவுத்து டைல்ஸ் எல்லாமே அதோட கட்டுப்பட்டு நிக்குது. அதனால கல்லுதான் மொதல்ல, கலர் அதுக்கப்புறம்.

நம்ம ஊர்ல நெறைய வீட்டுல இருக்கறது கருப்பு கிரானைட். பொட்டு பொடி எதுவும் இல்லாத சுத்தக் கருப்பா இருந்தா கவலை இல்ல, எந்த கலரோடயும் அது சண்டை போடாது. ஆந்திராவுல பிரகாசம் மாவட்டம் சீமகுர்த்தி பக்கத்துலேருந்து வர்ற பிளாக் கேலக்ஸி இருக்கு பாருங்க, அதுல பொன்னிறப் பொட்டு மின்னும், அந்தப் பொட்டுக்கு க்ரீம், மரக்கலர், பித்தளை கலர் ஹேண்டில் மாதிரி மஞ்சள் சாயல் இருக்கற எதுவும் நல்லா பொருந்தும், நீலம் கலந்த கிரே பக்கத்துல வச்சா ரெண்டும் தனித்தனியா நிக்கும். டேன் பிரவுன் போட்ட வீடும் நெறைய, தெலங்கானாவுல கரீம்நகர் பக்கத்துக் கல்லு, சிவப்பும் பழுப்பும் கருப்பும் கலந்து கல்லே ரொம்ப பேசும். அது இருக்கற எடத்துல கீழ பச்சை, நீலம்னு இன்னொரு கலர கொண்டுவந்தா கண்ணுக்கு ஓய்வே இருக்காது. டேன் பிரவுனுக்கு மேல ஐவரி, கீழ அதவிட ஒரு படி அடர்ந்த பீஜ், அவ்வளவு போதும், கல்லு மத்தத பாத்துக்கும். பழைய வீட்டு கடப்பா கல்லு சாம்பலும் கருப்புமா மங்கலா இருக்கும், எண்ணெய் பட்டு பட்டு இன்னும் கறுத்திருக்கும், அதுக்கு மரக்கலர் மாதிரி அழகு வேற இல்ல.

புதுசா வெள்ளை குவார்ட்ஸ் போடறவங்களுக்கு கலர்ல நெறைய சுதந்திரம் இருக்கு, கீழ என்ன போட்டாலும் வெள்ளைக் கோடு நடுவுல தெளிவா பிரிச்சு காட்டிடும். ஆனா மஞ்சத்தூள் கொட்டினா உடனே தொடைக்கணும், ராத்திரி பாத்துக்கலாம்னு விட்டா மஞ்சள் புடிச்சுக்கும்.

நம்ம அழுக்குக்கும் ரெண்டு கலர் இருக்கு

இத நான் பெருசா சொல்றதுக்கு காரணம் இருக்கு, ஏன்னா ஜோடி தேர்ந்தெடுக்கறப்ப யாருமே இத நெனச்சு பாக்கறதில்ல. கிச்சன்ல மேடைக்கு கீழ விழற அழுக்கு வேற, மேல படியற அழுக்கு வேற. கீழ விழறது பெரும்பாலும் வெள்ளை. தோசைமாவு ஊத்தறப்ப ஒழுகி ஷட்டர்ல கோடு கோடா காஞ்சு போகும், அரிசிமாவு, கோதுமைமாவு தூவும், பால் சிந்தும், எல்லாத்துக்கும் மேல போர் தண்ணி. சென்னைல போர், லாரி தண்ணிய நம்பி இருக்கற ஏரியாவுல போய் எந்த வீட்டு சிங்க்குக்கு கீழ இருக்கற ஷட்டரையும் உக்காந்து பாருங்க, பாத்திரம் கழுவறப்ப தெறிச்ச துளி ஒவ்வொண்ணும் காஞ்சு வெள்ளை வட்டமா நிக்கும், ஓரம் மட்டும் கெட்டியா, நடுவுல மங்கலா. தண்ணில இருக்கற கால்சியம் உப்பு அது, ஈரத்துணியால தொடைச்சா போன மாதிரி இருக்கும், காஞ்சதும் திரும்ப வந்து நிக்கும்.

மேல படியறது மஞ்சளும் பழுப்பும். தாளிப்பு புகை, வடை சுட்ட எண்ணெய் ஆவி, குக்கர் விசில்ல தெறிக்கற பருப்புத்தண்ணி, எல்லாம் மேல போயி வால் யூனிட், அதாவது செவுத்துல மாட்டற மேல் கப்போர்டு, அதோட அடிப்பக்கத்துலயும் சிம்னிக்கு ரெண்டு பக்கத்துலயும் பிசுபிசுன்னு உக்காந்துக்கும். சிம்னி இருந்தாலும் கொஞ்சம் உக்காரத்தான் செய்யும்.

இப்ப யோசிச்சு பாருங்க. கீழ வெள்ளை அழுக்கு விழுது, அங்க அடர் கலர் போட்டா எல்லாம் தெரியும். மேல மஞ்சள் அழுக்கு படியுது, அங்க பளிச் வெள்ளை போட்டா எல்லாம் தெரியும். கீழ நேவி ப்ளூ மேல சுத்த வெள்ளைன்னு எல்லாரும் ஆசைப்படற ஜோடி, நம்ம சமையலுக்கு ரெண்டு பக்கமும் தப்பான எடத்துல நிக்குது. அதனால அத போடவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. அத போடணும்னா என்ன மாத்தணும்னு சொல்றேன்.

அடர் கலர் கீழ, வெள்ளை மேல

நேவி ப்ளூ, சார்க்கோல் கிரே, பாட்டில் க்ரீன், இந்த மூணுதான் இப்ப அதிகமா கேக்கறாங்க. பாக்க கம்பீரமா இருக்குங்கறதுல சந்தேகமே இல்ல. அடர்த்தியானது கீழ, லேசானது மேலன்னு இருக்கறதால ரூம் உயரமா தெரியும், வால் யூனிட் தலைக்கு மேல பாரமா தொங்கற மாதிரி இருக்காது. 8க்கு 7 அடி கிச்சன்ல கூட மேல் பாதி வெள்ளையா இருந்தா மூச்சு விடற மாதிரி இருக்கும்.

சிக்கல் என்னன்னா நம்ம மேடை கருப்பு. கருப்பு கல்லுக்கு கீழ நேவி ப்ளூ போட்டா, பகல்ல நல்ல வெளிச்சத்துல மட்டும்தான் நீலம் தெரியும், ராத்திரி பாத்தா கல்லும் ஷட்டரும் ஒண்ணா கலந்து ஒரே கருப்புக் கட்டையா நிக்கும். காசு குடுத்து வாங்கின கலர் காணாம போயிடும். இன்னொண்ணும் இருக்கு, வயசானவங்க இருக்கற வீட்டுல மேடை எங்க முடியுதுன்னு கண்ணுக்கு தெளிவா தெரியணும், கருப்புக்கு கீழ கருப்பு மாதிரி இருந்தா டம்ளர ஓரத்துல வைக்கறப்ப கணக்கு தப்பும். அடர் கலர்தான் வேணும்னா மேடை வெள்ளையாவோ லேசான கிரேயாவோ இருக்கற வீட்டுக்கு அது நல்லா வரும்.

ஃபினிஷும் முக்கியம். அடர் கலர்ல பளபள அக்ரிலிக் போடாதீங்க. கைரேகை, தண்ணித்துளி, துணியால தொடைச்ச சுழி கீறல் எல்லாம் கண்ணாடில தெரியற மாதிரி தெரியும். பளபளப்பு இல்லாத மேட் லேமினேட் (பலகை மேல ஒட்டற ஷீட்) நல்லது, அதுலயும் கைரேகை புடிக்காத வகைன்னு தனியா விக்கறாங்க, விலை கூட, ஆனா அடர் கலருக்கு அந்தக் காசு தகும். மேல சுத்த வெள்ளைக்கு பதிலா ஆஃப் ஒயிட், இல்லன்னா ஐவரி போடுங்க. பக்கத்துல வச்சு பாத்தாதான் வித்தியாசம் தெரியும், செவுத்துல மாட்டின பிறகு வெள்ளையாத்தான் தோணும், எண்ணெய் பழுப்பு கொஞ்சம் ஏறினாலும் காட்டிக் குடுக்காது.

நீலத்தப் பத்தி சொல்றப்ப ஒண்ணு. இன்னிக்கு மாடுலர் கிச்சன்னு சொல்றதுக்கு முன்னோடின்னு சொல்றது ஃபிராங்க்ஃபர்ட் கிச்சன், 1926ல ஆஸ்திரியாக்காரங்க மார்கரெட்டே ஷூட்டே லிகோட்ஸ்கி ஜெர்மனில பொது குடியிருப்புக்காக வரைஞ்சது. அதோட கப்போர்டுக்கு நீலம் பூசினாங்க, ஈ நீலத்துல உக்காராதுன்னு அப்ப ஒரு நம்பிக்கை. கிச்சன் கலர வேலைய வச்சு முடிவு பண்ணனும்ங்கறது நூறு வருஷமா இருக்கற யோசனைங்கறதுக்காக சொல்றேன். நம்ம ஊர்ல பெரியவங்க சில பேர் அக்னி மூலைல கருப்பும் அடர் நீலமும் வேண்டாம்பாங்க. அந்தப் பேச்ச ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடியே வீட்டுல உக்காந்து முடிச்சுக்கறது நல்லது, ஷட்டர் மாட்டின அன்னிக்கு அம்மாவோ மாமியாரோ முகம் சுளிச்சா அந்த கிச்சன்ல யாருக்கும் சந்தோஷம் இருக்காது. பச்சைல நடு அடர்த்தி எடுத்தா ரெண்டு பக்கமும் ஒத்துக்கறத பாத்திருக்கேன்.

மரக்கலர் கீழ, ஆஃப் ஒயிட் மேல

என்ன கேட்டா இதுதான் என் மொதல் தேர்வு. போட்டோல பாக்க சாதாரணமா இருக்கும், தினம் பொழங்க இத மாதிரி வேற இல்ல. நடு அடர்த்தி மரக்கலர், அதாவது தேக்கும் இல்லாம வெளுத்த ஓக்கும் இல்லாம நடுவுல ஒரு பழுப்பு. காஞ்ச மாவுத்துளியும் அதுல கத்தாது, சாம்பார் தெறிச்சாலும் கத்தாது. மரத்துல ரேகை ஓடறதால கண்ணு ஒரு எடத்துல நிக்காது, சின்னச் சின்ன கறை ரேகையோட சேந்து மறைஞ்சுடும். கருப்பு கிரானைட்டுக்கு கீழ மரம் வந்தா கல்லு கோடு போட்ட மாதிரி தெளிவா தெரியும், டேன் பிரவுனோட மட்டும் கொஞ்சம் பாத்து எடுக்கணும், ஏன்னா பழுப்பு மேல பழுப்பு ஏறி குழம்பும்.

லேமினேட்ல கவனிக்க வேண்டிய சமாசாரம் ஒண்ணு இருக்கு, கடைக்கு போனா ஷீட்டோட ஓரத்த பாருங்க. மேல என்ன கலர் இருந்தாலும் சாதாரண லேமினேட் ஷீட்டோட உள்பக்கம் பழுப்புக் காகித அடுக்கு, பினாலிக் ரெசின்ங்கற பிசின்ல ஊறினது. ஷட்டர் ஓரத்த மூடற பட்டை, அதாவது எட்ஜ் பேண்ட் ஒட்டின பிறகும் அந்தப் பழுப்பு ஒரு மயிரிழை கோடா தெரியும். வெள்ளை ஷட்டர்ல அந்தக் கோடு பளிச்சுன்னு தெரியும், நாள் ஆக ஆக பசை இருக்கற எடத்துல அழுக்கு ஏறி இன்னும் கறுக்கும். மரக்கலர்ல கோடு இருக்கறதே தெரியாது. அதனாலதான் கை அதிகமா படற கீழ் ஷட்டருக்கு மரம்ங்கறேன், கை குறைவா படற மேல் ஷட்டருக்கு ஆஃப் ஒயிட்.

ரேகை எந்தப் பக்கம் ஓடணும்னு கார்பெண்டர் கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. டிராயர் அதிகமா இருந்தா படுக்கை ரேகை நல்லா இருக்கும், கிச்சன் அகலமா தெரியும். கதவு ஷட்டர் அதிகமா இருந்தா நிமிர்ந்த ரேகை. பாதி அப்படி பாதி இப்படின்னு வந்தா எவ்வளவு நல்ல லேமினேட்டும் ஒட்டுப்போட்ட மாதிரி ஆயிடும். வரிசையா இருக்கற மூணு டிராயர்ல ஒரு ஷீட்டுலேருந்து அடுத்தடுத்து வெட்டினா ரேகை ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு தொடர்ந்து போகும், கேட்டா செஞ்சு குடுப்பாங்க, கேக்கலன்னா பலகை மிச்சம் புடிக்கற மாதிரி வெட்டிடுவாங்க.

இதுல குறைன்னா, எல்லா வீட்டுலயும் இதான் இருக்குன்னு தோணலாம். அப்படி தோணறவங்க ஹேண்டில்லயும் டைல்ஸ்லயும் தனித்தன்மைய காட்டலாமே, மேடைக்கும் வால் யூனிட்டுக்கும் நடுவுல இருக்கற அந்த 2 அடி செவுத்துல ஒரு நல்ல பச்சை டைல்ஸ் ஒட்டினா கிச்சனே மாறிடும்.

ஒரே கலர்ல ரெண்டு படி

கீழ அடர் ஆலிவ், மேல வெளிர் சேஜ் க்ரீன். இல்ல கீழ நடு கிரே, மேல வெளிர் கிரே. தப்பே பண்ண முடியாத ஜோடின்னு சொல்லுவாங்க, ஆனா தப்பு பண்ண எடம் இருக்கு. ரெண்டு பச்சையும் ஒரே சாயல்ல இருக்கணும். ஒண்ணுல மஞ்சள் கலந்திருந்து இன்னொண்ணுல நீலம் கலந்திருந்தா, தனித்தனியா பாக்கறப்ப ரெண்டும் அழகு, சேத்து வச்சா ஒண்ணு அழுக்கா தெரியும். கிரேல இன்னும் மோசம், ஏன்னா கிரேல எந்த சாயல் இருக்குன்னு கண்ணுக்கு உடனே புடிபடாது. ஒரு வெள்ளைத் தாள பக்கத்துல வச்சு பாருங்க, அப்ப ஊதாவா, பச்சையா, பழுப்பான்னு தெரிஞ்சுடும்.

இன்னொரு விஷயம், ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் கண்ணுக்கு தெளிவா இருக்கணும். பக்கத்து பக்கத்து ஷேட எடுத்தா, ஷீட் பத்தாம வேற ஷீட் ஒட்டிட்டாங்க போலன்னு பாக்கறவங்க நெனப்பாங்க. பெயிண்ட் கம்பெனி ஷேட் கார்டு சிலதுல எல்ஆர்வின்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், வெளிச்சத்த எவ்வளவு திருப்பி விடும்ங்கற கணக்கு, சுத்தக் கருப்பு 0, சுத்த வெள்ளை 100. மேல் கலருக்கும் கீழ் கலருக்கும் 30 வித்தியாசமாவது இருக்கற மாதிரி நான் எடுப்பேன், அது என் கண்ணுக்கு பழகின கணக்கு. லேமினேட்ல பெரும்பாலும் அந்த நம்பர் இருக்காது, கலர் போட்டோவ போன்ல கருப்பு வெள்ளையா மாத்தி பாருங்க, ரெண்டும் ஒரே சாம்பலா தெரிஞ்சா அந்த ஜோடி வேண்டாம்.

அழுக்கு விஷயத்துல இந்த ஜோடிக்கு நல்ல மார்க். ஆலிவ்ல மாவுக்கோடு தெரியும்தான், நேவில தெரியற அளவுக்கு தெரியாது. சேஜ்ல எண்ணெய் பழுப்பு ஏறினாலும் பச்சைக்குள்ள இருக்கற மஞ்சளோட போயிடும். கருப்பு கிரானைட் இருக்கு, மரக்கலர் அலுத்துப் போச்சு, புதுசா ஏதாவது வேணும்னு சொல்றவங்களுக்கு நான் காட்டறது இதத்தான்.

தலைகீழா, அடர் மேல லேசு கீழ

இத பாக்கறப்ப வித்தியாசமா இருக்கும், நான் ஊக்கப்படுத்த மாட்டேன். 9 அடி, 9.5 அடி உயர சீலிங்ல, மேல லாஃப்ட் வேற இருக்கற கிச்சன்ல, கண்ணுக்கு நேரா அடர் கலர் வந்தா நெருக்கும். வால் யூனிட் அடில லைட் இல்லன்னா மேடைல நிழல் விழுந்து காய் நறுக்கவே கஷ்டமா இருக்கும். ஒரே ஒரு எடத்துல ஒத்துக்கறேன், மேல கண்ணாடி ஷட்டர் போடறப்ப. அலுமினிய ஃப்ரேம்ல பழுப்போ கிரேயோ கண்ணாடி வச்சா அடர்த்தியாவும் இருக்கும், பாரமாவும் தெரியாது. உள்ள எவர்சில்வர் டப்பா, பிளாஸ்டிக் டப்பா எல்லாம் கலந்து இருக்கற வீடுன்னா கோடு போட்ட ஃப்ளூட்டட் கண்ணாடி எடுங்க, உள்ள இருக்கறது உருவம் கலங்கி தெரியும், தினம் அடுக்கி வைக்கணும்ங்கற பயம் வேண்டாம்.

டால் யூனிட்டுக்கு மட்டும் தனி கலர்

எல்லாம் ஒரே ஆஃப் ஒயிட், ஓவன், சாமான் ரேக் இருக்கற உயரமான டால் யூனிட்டுக்கும் ஃப்ரிட்ஜ சுத்தி வர்ற பலகைக்கும் மட்டும் மரக்கலரோ அடர் பச்சையோ. மேல கீழன்னு பிரிக்காம இப்படி எடது வலதுன்னு பிரிக்கறது மேடை எதிரெதிரா ரெண்டு பக்கமும் வர்ற பேரலல் கிச்சனுக்கும் ஹால்லேருந்து தெரியற ஓபன் கிச்சனுக்கும் ரொம்ப பொருத்தம். அடுப்பும் சிங்கும் இருக்கற பக்கத்துலேருந்து அடர் கலர் தள்ளி இருக்கறதால கறைப் பிரச்சனையும் கிட்டத்தட்ட இல்ல. ஹால்ல டிவி யூனிட் எந்த மரக்கலரோ அதே லேமினேட்ட இங்க கொண்டுவந்தா வீடு முழுக்க ஒரு தொடர்ச்சி வரும். சின்ன நேர்க்கோட்டு கிச்சனுக்கு இது வேலைக்கு ஆகாது, அங்க டால் யூனிட்டுக்கே எடம் இருக்காது.

சிவப்பு வெள்ளை, ஆரஞ்சு வெள்ளைன்னு பளபள ஜோடி ஒரு காலத்துல ஓடிச்சு. இப்பவும் கேக்கறவங்க இருக்காங்க. தினம் ரெண்டு மூணு மணி நேரம் நிக்கற எடத்துல அவ்வளவு சிவப்பு கண்ணுக்கு சோர்வு, நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

கலர் எங்க பிரியணும்

எந்த ஜோடி எடுத்தாலும் பிரியற கோடு சரியா விழணும். மேடைக்கல்லே இயற்கையா ஒரு கோடு, கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு பிரிச்சா கண்ணுக்கு கேள்வியே வராது. அந்தக் கோட்ட தாண்டி மேல ரெண்டு ஷட்டர் மட்டும் கீழ் கலர், நடுவுல ஒண்ணு விட்டு ஒண்ணு வேற கலர்னு கட்டம் போட்டா நிம்மதி போயிடும். பட்டுப்புடவைல உடல் ஒரு கலர், பார்டரும் முந்தானையும் ஒரு கலர்னு வருது பாருங்க, ரெண்டும் சரிபாதியா இருக்காது, கலந்தும் கிடக்காது, அந்தக் கணக்குதான் இங்கயும்.

நம்ம ஊர் கிச்சன்ல எல்லாரும் தடுமாறற எடம் லாஃப்ட். மேல் யூனிட் ஒரு கலர், கீழ ஒரு கலர், லாஃப்ட்டுக்கு என்ன? மூணாவது கலர் வேண்டவே வேண்டாம். கீழ் கலர லாஃப்ட்டுக்கு கொண்டுபோனா நடுவுல வெள்ளை, மேலயும் கீழயும் அடர்த்தின்னு சாண்ட்விச் மாதிரி ஆகி சீலிங் தலைல இறங்கும். வால் யூனிட் கலரே லாஃப்ட்டுக்கும், இல்லன்னா செவுத்து பெயிண்ட் கலரோட போற ஷேடு, இந்த ரெண்டுல ஒண்ணு. ஹேண்டில் இல்லாம தள்ளினா திறக்கற மாதிரி செஞ்சா லாஃப்ட் இருக்கறதே தெரியாது.

எல்லாத்துக்கும் அடில தரையோட ஒட்டி வர்ற ஸ்கர்ட்டிங் பலகை, அது எப்பவும் அடர்த்தியா இருக்கட்டும், தினம் மாப் தண்ணி அதுலதான் படும். ஆனா கப்போர்டு உள்பக்கம் லேசான கலர்தான், வெளில எவ்வளவு அடர்த்தி போட்டாலும் சரி. உள்ள இருட்டா இருந்தா பின்னாடி இருக்கற டப்பாவும் தெரியாது, கரப்பான்பூச்சியும் தெரியாது.

காசுக் கணக்கு

ரெண்டு கலர் போட்டா செலவு கூடுமான்னு கேப்பாங்க. ஒரே கம்பெனி, ஒரே சீரிஸ்ல எடுத்தா ஷீட் விலை பெரும்பாலும் ஒண்ணுதான். கூடறது வேஸ்டேஜ்ல. லேமினேட் ஷீட் 8க்கு 4 அடி, 32 சதுர அடி. 10 அடிக்கு 6 அடி எல் வடிவ கிச்சன்னு வைங்க, கீழ் ஷட்டர் எல்லாம் சேத்து சுமாரா 35 சதுர அடி வரும், அதுக்கே ரெண்டு ஷீட் எடுக்கணும், கிட்டத்தட்ட ஒரு ஷீட் மிச்சம். மேல 12 அடி ஓட்டத்துக்கு 24 சதுர அடி, லாஃப்ட் 16 அடிக்கு 32 சதுர அடி. மேலயும் லாஃப்ட்டும் ஒரே கலர்னா ரெண்டு ஷீட்ல நெருக்கி முடிக்கலாம். லாஃப்ட்டுக்கு மூணாவது கலர் எடுத்தா அதுக்குன்னு தனியா ஷீட் எடுக்கணும், வெட்டுல கொஞ்சம் போனாலும் இன்னொண்ணு. அதனாலயும் மூணாவது கலர் வேண்டாம்ங்கறேன். மரக்கலர்ல ரேகை ஒரே பக்கம் ஓடணும்ங்கறதால பலகைய திருப்பி வெட்ட முடியாது, அங்க கொஞ்சம் கூடவே வேஸ்ட் ஆகும். மிச்ச ஷீட்ட கார்பெண்டர் கிட்ட விட்டுடாதீங்க, ஷூ ரேக்குக்கோ பூஜை ஷெல்ஃபுக்கோ அதே கலர் உபயோகப்படும்.

கடைல பாக்கறதும் வீட்டுல பாக்கறதும்

ஷோரூம்ல மஞ்சள் ஸ்பாட் லைட் போட்டிருப்பாங்க, 3000 கெல்வின் சுத்தி இருக்கும் (கெல்வின்ங்கறது லைட்டோட நெறத்துக்கு அளவு, நம்பர் கம்மின்னா மஞ்சள், கூடினா வெள்ளை), அதுல மரக்கலரும் க்ரீமும் தேன் மாதிரி மின்னும். வீட்டுல நாம போடறது 6500 கெல்வின் வெள்ளை ட்யூப்லைட், அதே க்ரீம் அதுல கொஞ்சம் பச்சை கலந்து வெளுத்துப் போன மாதிரி நிக்கும். மாறா, ட்யூப்லைட்ல நல்லா இருக்கற நேவி ப்ளூ மஞ்சள் லைட்ல கறுத்துப் போகும். இதுக்கு ரெண்டு வழி, ஒண்ணு வீட்டு லைட்டுக்கு ஏத்த கலர் எடுக்கறது, இல்ல கிச்சன் லைட்ட 4000 கெல்வினுக்கு மாத்தறது. நான் ரெண்டாவது சொல்லுவேன், அந்த நடு வெளிச்சத்துல கலர் ரொம்ப மாறாது, சமைச்ச கொழம்போட நெறமும் சரியா தெரியும்.

கேட்லாக்ல இருக்கற சின்னத் துண்ட நம்பி முடிவு பண்ணாதீங்க. ஏ4 அளவு சாம்பிள் கேளுங்க, பெரும்பாலும் குடுப்பாங்க. கொண்டுவந்து மேடைல படுக்க வச்சு பாத்தா பிரயோஜனம் இல்ல, ஷட்டர் நிமிர்ந்துதானே நிக்கப்போகுது. கீழ் கலர மேடைக்கு கீழ தரைக்கு பக்கத்துல நிமித்தி வைங்க, மேல் கலர செவுத்துல உயரத்துல டேப் போட்டு ஒட்டுங்க, காலைல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, ராத்திரி லைட் போட்டு ஒரு தடவ பாருங்க. ஜன்னல் டக்ட் பக்கம் திறக்கற ஃப்ளாட்டுல பகல் வெளிச்சமே அரைகுறைதான், அங்க எந்த கலரும் கடைல பாத்தத விட ஒரு படி இருட்டாத்தான் தெரியும், அதனால கீழ் கலர்ல ஒரு ஷேடு குறைச்சு எடுங்க. கீழ் சாம்பிள் மேல ஒரு கரண்டி தோசைமாவு தடவி காய விடுங்க, போர் தண்ணி நாலு சொட்டு விடுங்க. மேல் சாம்பிள் மேல மஞ்சத்தூளும் எண்ணெயும் குழைச்சு ஒரு ராத்திரி வச்சு காலைல தொடைங்க. எந்த சேல்ஸ்மேன் பேச்சையும் விட அது தெளிவா சொல்லிடும்.

ஆர்டர் குடுக்கறப்ப கொட்டேஷன்ல வெறும் ஆஃப் ஒயிட், ஓக்னு எழுத விடாதீங்க. கம்பெனி பேரு, கோட் நம்பர், ஃபினிஷ், மேல எது கீழ எது லாஃப்ட்டுக்கு எது, ரேகை எந்தப் பக்கம், எட்ஜ் பேண்ட் எந்தக் கலர்னு எல்லாத்தையும் எழுதி வாங்குங்க. ஒரே பேருல நாலு ஆஃப் ஒயிட் இருக்கும். ஷீட் வந்து இறங்கறப்ப கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பின்பக்கம் இருக்கற கோட் நம்பர பாருங்க, சாம்பிள மேல வச்சு பகல் வெளிச்சத்துல ஒத்துப் பாருங்க, ஒரே கலர் ஷீட் எல்லாம் ஒரே பேட்ச்லேருந்து வந்திருக்கான்னும் கேட்டுக்கங்க. ஒவ்வொரு கலர்லயும் ஒரு ஷட்டர் அளவு துண்டு எடுத்து பரண்ல படுக்க வச்சு பத்திரப்படுத்துங்க, அந்த ஷேடு நிறுத்தப்பட்டுட்டா பிற்பாடு சிங்க்குக்கு கீழ ஊறிப்போன கதவ மாத்தறப்ப அதுதான் கைகுடுக்கும்.